தாலாட்டில் நான் விட்ட பெயர்

இறந்துபோன ஒரு குழந்தையின் பெயரைத் தாளில் எழுதினால், உயிரோடு இருக்கும் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா? எட்டாம் வகுப்புவரை படித்தவள் நான். இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

தென்காசியில் என் மூத்த பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகியிருந்தபோது, அவனைக் குளிப்பாட்டக் குற்றாலத்திலிருந்து ஒரு அக்கா வருவாள். நீட்டிய காலில் அவனைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து வெந்நீர் விடுவாள். பிறகு மடியில் போட்டுத் தாலாட்டுவாள். அந்தச் சமயத்தில், என் கணவரோடு படித்த தமிழாசிரியர் ஒருவர் நம் பக்கத்துத் தாலாட்டுகளைத் திரட்டி ஆராய்ச்சி நூலாக அச்சிட முனைந்திருந்தார். கேட்டதை எழுதி அனுப்பும்படி எனக்கும் கடிதம் போட்டார். பாடுகிறவர் வாயில் வருவதில் ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்பது ஒன்றே அவர் விதி.

அக்காவின் பாட்டில் ஒவ்வொரு கண்ணியும் ஒரு பெயரில் முடிந்தது. என் பிள்ளையின் பெயர் அல்ல.

"அது ஆரு பேரு அக்கா?"

"எம்மவன் பேரும்மா. இருந்தா ஏழு வயசு. வேற பேரு போட்டா பாட்டு நொண்டுது, நான் என்ன செய்ய? உங்க மவன் ஒண்ணும் கோவிக்கல, சிரிக்கான் பாருங்க."

புத்தக விஷயத்தைச் சொன்னேன். அவள் கை அப்படியே நின்றது. "அப்போ அவன் பேரும் அதுல ஏறுமா? இதுவரைக்கும் அவன் பேரை ஆரும் எங்கனயும் எழுதுனதில்லம்மா."

ஏறும் என்றேன்.

எழுத உட்கார்ந்தேன். முதல் கண்ணி முடியும் இடத்தில், தொட்டிலில் பிள்ளை இருமினான். 'கண்ணே' என்று எழுதினேன். பன்னிரண்டு கண்ணியிலும் அப்படியே.

மறு வருஷம் சாரல் காலத்தில் புத்தகம் வந்தது. அப்போதும் அக்கா வாரம் இரண்டு நாள் வந்துகொண்டிருந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். எழுத்து தெரியாது. "படிங்கம்மா" என்றாள். மூன்று கண்ணிவரை கேட்டாள்.

"அவன் பேரு வரக்காணுமே?"

"அச்சுப் போட்டவங்க விட்டுட்டாங்க போல அக்கா."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் பிள்ளையைப் பார்த்தாள்.

"போகட்டும்மா. பச்சப்பிள்ளை இருக்க வீடு. நானா இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்."

அன்றும் வழக்கம்போல அவனைக் குளிப்பாட்டினாள். பாடவில்லை. அதன் பிறகு பாடச் சொல்லிக் கேட்டபோதெல்லாம், "சாரல்லாம்மா, தொண்டை கட்டிக்கிட்டு" என்பாள். சாரல் முடிந்த பிறகும் அதையேதான் சொன்னாள்.

என் பிள்ளை நன்றாக இருக்கிறான். நான் எழுதாததாலா? எழுதியிருந்தாலும் நன்றாகத்தான் இருந்திருப்பானா?

இப்போது அந்த நூல் இரண்டாம் முறை அச்சாகிறது. திருத்தம் உண்டா என்று தமிழாசிரியர் கேட்டிருக்கிறார். எனக்கு இது ஏழாம் மாதம். பதில் எழுதி இரண்டு முறை கிழித்துவிட்டேன். அக்காவைக் கேட்டால், எனக்காக 'வேண்டாம்' என்றுதான் சொல்லுவாள். இந்தக் கட்டுரையில்கூட அந்தப் பெயரை எழுத எனக்குத் துணிவில்லை.

பிள்ளை பெற்றவர்களும் பறிகொடுத்தவர்களும் இதைப் படிப்பீர்கள். நான் என்ன செய்யட்டும்? ஒரு வரி எழுதுங்கள்.