அந்த மூன்று மாதத்துக் கிணறுகள்

பெங்களூர் ஹெப்பகோடியில் எங்கள் அடுக்ககத்துக்குத் தண்ணீர் லாரியில் வருகிறது. பதினோரு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. போன வாரம் டேங்கர் ஓட்டுநரிடம், போர்வெல் எத்தனை அடி என்று அரைகுறைக் கன்னடத்தில் கேட்டுவைத்தேன். "நீரு சென்னாகிதெ சார், கம்ப்ளெயிண்ட் மாட்பேடி" என்று, புகார் செய்ய வேண்டாமெனக் கும்பிட்டார். நான் குறை சொல்லவில்லை, ஆழம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் என்று விளக்கக் கன்னடமும் போதவில்லை, உடம்பில் தெம்பும் இல்லை. ஊரில் நான் நிலத்தடி நீர் ஆராய்ச்சி மாணவன். மாதம் தவறாமல் கிணறு கிணறாகப் போய் டேப்பை இறக்கி நீர்மட்டம் அளந்தவன். இங்கே அடுத்தவர் எழுதிய மென்பொருளில் பிழை தேடிச் சம்பளம் வாங்குகிறேன்.

எங்கள் பேராசிரியர் போன மாதம் காலமானார். பெங்களூரில் இருக்கும் பழைய மாணவர்கள் ஏழு பேர் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் கூடினோம். பீன்யாவில் பம்பு விற்கும் முருகேசன்தான் எங்களில் இன்னமும் தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பவன். ஆளுக்கொரு கதை சொன்னோம். கிணற்றுக்குப் போக முடியாத மாதத்தில், அளவுப் புத்தகத்தின் கட்டத்தில் காரணத்தை எழுத வேண்டும் என்பார் சார். கேட் பூட்டு, கனமழை, நாய், எதுவானாலும் சரி. முருகேசன் ஒருமுறை 'காய்ச்சல்' என்று எழுத, அன்று மாலையே ரசம் சாதத்தோடு விடுதிக்கு வந்துவிட்டாராம். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

ஆராய்ச்சியைப் பாதியில் விட்டு வந்தவன் நான். அதற்கு முந்தைய மூன்று மாதம் ஒரு கிணற்றையும் பார்க்கவில்லை. இங்கே வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். சிவாஜிநகர் லாட்ஜில் உட்கார்ந்து, முந்தைய வருட அளவுகளைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிக் கட்டங்களை நிரப்பி, புத்தகத்தைச் சாரிடம் ஒப்படைத்தேன். பிறகு போனில் பேசும்போதெல்லாம் அவர் என் சாப்பாட்டையும் உடம்பையும் பற்றித்தான் கேட்டார்.

சாரின் கடைசி மாணவி தேன்மொழியும் ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். எங்கள் பழைய அளவுகளை வைத்துத்தான் அவள் ஆய்வேடு எழுதுகிறாள். நாங்கள் பார்க்கட்டும் என்று அவள் கொண்டுவந்திருந்த என் புத்தகம் கைமாறி என்னிடம் வந்தது. அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

"கடைசி மூணு மாசம் நான் போகவே இல்லம்மா. எல்லாம் நானா எழுதினது. தீசிஸ்ல சேர்த்துடாத."

முருகேசன் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தான்.

"தெரியும்ணா," என்றாள் தேன்மொழி. "அந்த வருஷம் மழையே இல்ல. முருகேசண்ணன் பார்த்த கிணறெல்லாம் வத்திக் கெடக்குது, பக்கத்துலயே உங்க கிணத்துல மட்டும் தண்ணி நிக்குது. சார் அப்பவே கண்டுபுடிச்சிட்டாரு. அந்த மூணு மாசத்த எந்தப் பேப்பர்லயும் அவர் சேக்கல."

"அப்ப என்னை ஏன் கேக்கல?"

"நானும் கேட்டேன். அவனே ஒருநாள் சொல்லுவான், அன்னிக்குக் காரணத்த மட்டும் எழுதி வாங்கிக்கோன்னாரு."

பென்சிலை நீட்டினாள். பதினோரு வருடம் அவர் காத்திருந்திருக்கிறார். நான் 'சாப்பிட்டேன் சார்' என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அழுகை வந்தது, அடக்கத் தோன்றவில்லை. பொய் எண்களைக் கோடு போட்டு அடித்தேன். மூன்று மாதத்துக்கும் எதிரே 'ஆள் ஊரில் இல்லை' என்று எழுதினேன். எழுதிக்கொண்டே போன கை நான்காவது மாதத்துக்கும் இறங்கியது. தேன்மொழி மெல்லப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அதுல வேணாம்ணா. அந்த மாசத்துலேருந்து வேற ஆளு போய் அளந்திருக்காங்க."