ஏழாம் பாகத்தைத் தேடிப் போனேன்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் என் மகள் ஒருத்திதான். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. நான் தமிழில் பத்தாவது வரை படித்தவள். வீட்டுக்காரருக்குப் பல்லடத்தில் விசைத்தறி. அந்தத் தறிச்சத்தத்தில் தமிழே காதில் விழாது, இங்கிலீஷ் எங்கே விழப்போகிறது? நாங்கள் படிக்காததை இவளாவது படிக்கட்டும் என்று இங்கிலீஷ் மீடியத்தில் போட்டோம். அவள் பாடம் படித்தாளோ இல்லையோ, கதைப் புத்தகமாகப் படித்துத் தள்ளினாள்.

ஒருநாள் வீட்டுக்காரர் கோயமுத்தூர் உக்கடத்தில் ஒரு பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு கட்டு வாங்கி வந்தார். பேப்பர் மில்லுக்கென்று வெளிநாட்டிலிருந்து வரும் கழிவுக் காகிதத்தில் தப்பிப் பிழைத்த புத்தகங்கள். எல்லாம் ஒரே கதையின் பாகங்கள், முதுகில் நம்பர் போட்டிருந்தது. ஒரு சின்னப்பெண்ணின் அண்ணன் காணாமல் போய்விடுகிறான். அவள் மாமனோடு படகில் ஊர் ஊராகப் போய் அவனைத் தேடுகிறாள். ஒவ்வொரு பாகத்திலும் ஓர் ஊர். சாப்பிடும்போது மகள் எனக்கு இதைத் தமிழில் சொல்வாள். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அப்புறம், கெடச்சானா?" என்பேன். "இன்னும் இல்லீங்கம்மா" என்பாள்.

ஆறு பாகம் முடித்த பிறகுதான் வினை வந்தது. அந்தப் புத்தகக் கட்டுக்குள் ஒன்று முதல் ஆறு வரை இருந்தது, எட்டும் இருந்தது, ஏழு இல்லை. எட்டுதான் கடைசி. எட்டையே படித்துவிடேன் என்றால் கேட்க மாட்டாள். "நடுவுல ஒரு ஊரைத் தாண்டிப் போனா அந்தப் புள்ள எப்படிங்கம்மா அண்ணனைக் கண்டுபுடிப்பா?" என்றாள். மூன்று மாதம் அந்த எட்டு அலமாரியில் பிரிக்காமலே இருந்தது. நானாக இருந்தால் முதல் நாளே எட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்திருப்பேன். சினிமாவுக்குப் போகுமுன்பே, கடைசியில் சேர்கிறார்களா இல்லையா என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் போவேன். சேரமாட்டார்கள் என்றால் எனக்கு எதற்கு அந்தப் படம்?

இதற்கிடையில் நாமக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. ஹாஸ்டல். அங்கே போட்டால் பிள்ளை டாக்டர்தான் என்று ஒறம்பரை, சொந்தபந்தம் முழுக்கச் சொன்னார்கள். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று ஒரு பட்டியல் தபாலில் வந்தது. பெட்டி, வாளி, வெள்ளைச் சாக்ஸ் என்று போய்க் கடைசியில் ஒரு வரி: கதைப் புத்தகங்களுக்கு அனுமதி இல்லை. அவள் அதைப் படித்துவிட்டு அழவில்லை, கோபப்படவும் இல்லை. "அப்போ ஜூனுக்குள்ள முடிச்சாகணுங்கம்மா" என்றாள். ஹாஸ்டலுக்குப் போவதற்கு அவள் கேட்ட ஒரே வரம் அதுதான்.

உக்கடம் கடைக்காரனை நேரில் போய்க் கேட்டேன். "ஏழைக் காணோம்னா எட்டை எதுக்குங்க கட்டுல வெச்சுக் குடுத்தீங்க?" என்று சண்டையே போட்டேன். அவன் சிரித்தான். "கட்டுல என்ன வருதோ அதுதானுங்கக்கா, நானா அச்சடிக்கறேன்?" என்றான்.

அப்போதுதான் அவளுடைய டீச்சர் யாரோ சொன்னார்களாம், இன்டர்நெட்டில் தேடினால் எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறதென்று தெரியும் என்று. தொண்ணூறுகளின் கடைசி அது. கோயமுத்தூரில் மூலைக்கு மூலை பிரவுசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்தது. மகளுக்குப் பகல் முழுக்கக் கோச்சிங் கிளாஸ். அதனால் ஹாஸ்டல் சாமான் வாங்கப் போகும்போது நானே பார்த்து வருகிறேன் என்றேன். ஒரு தாளில் கதையின் பெயரும் எழுதியவர் பெயரும் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். கீழே கோடு போட்டு, ஏழாம் நம்பர் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டிருந்தாள்.

காந்திபுரத்தில் ஒரு மாடியில் இருந்தது அந்தக் கடை. முன்பு எஸ்டிடி பூத்தாக இருந்த இடம். செருப்பை வெளியே கழற்றச் சொன்னார்கள். ஒரு கையில் பிளாஸ்டிக் வாளி, ஒரு கையில் தகரப்பெட்டி. உள்ளே பிளைவுட் தடுப்புக்குள் இருந்த காலேஜ் பையன்களெல்லாம் என்னைப் பார்த்ததும் கம்ப்யூட்டரை மறைத்து உட்கார்ந்தார்கள். ஏதோ அவர்கள் அம்மாவே வந்துவிட்ட மாதிரி. கடைக்காரருக்கு என் வயது இருக்கும். "ஏனுங்க, எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க, இதைச் சித்தெ பாத்துக் குடுங்க" என்று தாளை நீட்டினேன். அவரே பக்கத்தில் உட்கார்ந்து தட்டினார்.

லைன் இரண்டு தரம் அறுந்தது. மூன்றாம் தரம் ஒரு பக்கம் மேலேயிருந்து கொஞ்சங்கொஞ்சமாக இறங்கியது. முதலில் வானம், பிறகு ஆறு, பிறகு படகு. எங்கள் அலமாரிப் புத்தகங்களின் அட்டையில் இருக்கும் அதே படகு! வெளிநாட்டில் யாரோ ஒருவர் இந்தக் கதை பிடித்துப் போய், எட்டுப் பாகத்தைப் பற்றியும் உட்கார்ந்து எழுதிப் போட்டிருக்கிறாராம்.

"ஏழு இப்ப அச்சுலயே இல்லைன்னு போட்டிருக்குதுங்கக்கா. எங்கயும் கெடைக்காதாட்ட இருக்குது" என்றார் கடைக்காரர்.

இத்தனை தூரம் வந்து, வெறுங்கையோடு போய் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? "வேற என்னங்க எழுதியிருக்குது?" என்றேன்.

"கதை பூராச் சொல்லியிருக்காருங்க. ஒண்ணுலருந்து எட்டு வரைக்கும்."

"அப்ப அதை எடுத்துக் குடுங்க. ஏழுல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சாப் போதும், எட்டைப் படிச்சுக்குவா."

"ஏழை மட்டும் எடுத்துத் தரட்டுங்களா? முழுசும் எடுத்தா முடிவெல்லாம் வருதுங்க, பரவால்லீங்களா?"

அந்த மனுஷன் கேட்டார். நன்றாகத்தான் கேட்டார். "வந்தது வந்தாச்சுங்க, எல்லாத்தையும் எடுங்க. கதை தெரிஞ்சா நல்லதுதானுங்க" என்றேன் நான், பெரிய கெட்டிக்காரி. பிரின்டர் கரகரவென்று இழுத்து ஒன்பது தாளைத் துப்பியது. பல்லடம் பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு எழுத்துப் புரியாவிட்டாலும் நாலு தரம் புரட்டிப் பார்த்தேன்.

அவள் கிளாஸ் முடிந்து வந்ததும் கையைக்கூடக் கழுவ விடவில்லை. "இந்தா கண்ணு, அம்மா கொண்டாந்துட்டேன். படி" என்று கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். படித்தாள். ஒரு தாள் முடிந்து அடுத்த தாள் எடுக்கும்போதெல்லாம் என்னை ஒருமுறை பார்ப்பாள், நான் சிரிப்பேன். ஒன்பதையும் முடித்து மடித்து வைத்தாள். "நல்லாருக்குதுங்கம்மா" என்றாள். நான் அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், இன்டர்நெட்டுக்கே போய்விட்டு வந்தேனாக்கும் என்று.

மே மாசக் கடைசியில் ஒருநாள் மத்தியானம் அவள் துணிகளில் ஹாஸ்டல் நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன். அலமாரியில் எட்டு வைத்த மேனிக்கே இருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஏன் புள்ள, நான் பொட்டியும் வாளியுமாத் தூக்கிட்டு அத்தனை படியேறிக் கொண்டாந்தேன். நீ இன்னும் அதைத் தொடக்கூட இல்லையா?"

"படிக்கோணும்னு தோணலீங்கம்மா."

"ஏன்?"

அவள் சாக்ஸை மடித்துக்கொண்டே சொன்னாள். "அந்த அண்ணன் மொதப் புத்தகத்துக்கு முன்னாலயே ஆத்துல முழுகிச் செத்துப் போயிட்டானாம். மாமனுக்குத் தெரியுமாம். அந்தப் புள்ளைக்கு மட்டுந்தான் தெரியாதாம். நீங்க கொண்டாந்ததுல மொதத் தாள்லயே போட்டிருந்துச்சுங்க."

"அடிப்பாவி, மொதத் தாள்லயே தெரிஞ்சுதுன்னா அப்பவே நிறுத்தியிருக்கலாமில்ல?"

"நீங்க பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டிருந்தீங்கம்மா."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். அந்தக் குரங்கையும் அவள் நல்லாருக்குது என்று சொல்லி வாங்கிக்கொண்டிருக்கிறாள், என் மனசு நோகக் கூடாது என்று. யாரைத் திட்டுவது? கடைக்காரர் கேட்டார், நான்தான் வாயாடினேன். "பொய்யா இருக்கும் கண்ணு, எவனோ எழுதுனது" என்றேன். எனக்கே என் குரல் அசிங்கமாக இருந்தது. அவள் பாவம்போல் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த ஜோடி சாக்ஸை எடுத்தாள். கிடைக்காத சாமானை எங்கேயாவது போய் வாங்கலாம். தெரிந்துவிட்டதைத் தெரியாததாக ஆக்க எந்தக் கடைக்குப் போவேன்? அன்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூன் மாசம் வாடகைக் காரில் கிளம்பினோம். வீட்டுக்காரர் முன்சீட்டில், நாங்கள் இருவரும் பின்னால். அந்த ஹாஸ்டலில் பிள்ளையை விட்டிருந்த ஓர் அக்காவிடம் முந்தின நாள்தான் எல்லாம் விசாரித்திருந்தேன். காலையில் நாலரைக்கு மணி அடிப்பார்களாம். முதல் இரண்டு மாதம் பெற்றவர்களைப் பார்க்க விடமாட்டார்களாம், போனிலும் பேச விடமாட்டார்களாம். அதை எப்படியாவது பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும் என்று ஈரோடு தாண்டியதும் ஆரம்பித்தேன்.

"கண்ணு, அந்த ஹாஸ்டல்ல மொதல்ல வந்து..."

"சொல்லாதீங்கம்மா" என்றாள். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "நானே போய்ப் பாத்துக்கறேன்."

வெளியே திருச்செங்கோடு மலை வந்தது, போனது. சொன்னால் இன்னொரு தரம் அதே பாவத்தைச் செய்கிறேன். சொல்லாவிட்டால் அவள் தனியாகத் தெரிந்துகொள்வாள். வழி முழுக்க இதையே மென்றுகொண்டு வந்தேன்.

ஹாஸ்டல் கேட்டில் பெட்டியை வாங்கி உள்ளே எடுத்துப் போனார்கள். எங்களை அதோடு நிறுத்திவிட்டார்கள். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு நாலடி போய்த் திரும்பினாள்.

"ஞாயித்துக்கெழமை வாரீங்கல்லம்மா?"

வருகிறேன் என்று நான் தலையை ஆட்டினேன்.