பெரிய கிளாக்கர் தின்ற காட்டேரி படையல்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு முன்பக்கம் அழகான விறாந்தை உண்டு. பூச்சாடி வைத்திருப்பார்கள், இரண்டு நாற்காலியும் கிடக்கும். அதில் நாங்கள் ஏறக்கூடாது. எங்களுக்குப் பின்பக்கம் ஒரு ஜன்னல். அந்த ஜன்னலுக்குக் கீழே முழங்கால் உயரப் புல். புல்லுக்குள் அட்டை. என்ன கேட்பதானாலும் அங்கே நின்றுதான் கேட்க வேண்டும். உள்ளேயிருந்து பெரிய கிளாக்கர் தலையை நிமிர்த்தாமலே "நாளைக்கு வா" என்பார். அந்த இரண்டு சொல்லைக் கேட்க ஒரு மணி நேரம் நிற்போம். திரும்பும்போது கெண்டைக்காலில் ரத்தம் வழியும்.

கொழுந்து பறிக்கும் மலையில் அட்டை கடிக்காத நாள் கிடையாது. ஆனால் அங்கே கடித்தால் அன்றைய கூலிக்குப் பேராவது விழும். ஆபீஸ் புல்லில் சும்மா கடிபட்டோம். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பக்கத்துக் காம்பராவில் ஓர் அக்கா இருந்தார். வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவர் தும்மினால் என் விளக்கு ஆடும். எதற்கும் ஒரு பேச்சு வைத்திருப்பார். "ஆபீசுக்குப் போற பொம்பளைக்குப் பாதி ரத்தம் அட்டைக்கு, மீதி கிளாக்கருக்கு" என்பது அவர் சொன்னதுதான். எழுதப் படிக்கத் தெரியாத அந்த வாயிலிருந்து வந்தவற்றில் பாதியையாவது நான் அப்போதே எழுதி வைத்திருக்க வேண்டும்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். எனக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். அதற்கு முந்தைய வருடம் உச்சி மலையில் கூடையோடு சறுக்கி விழுந்து ஒரு பிள்ளையை இழந்திருந்தேன். இந்த முறையும் அதே செங்குத்து மலைதான். ஆபீசிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் எழுதிக் கொடுத்தால் போதும், கங்காணி என்னைக் கீழே பேக்டரிப் பக்கம் புல்லு வெட்ட விடுவார். ஒரு துண்டு, நாலு வரி. அதற்காக ஒன்பது தடவை அந்த ஜன்னலில் நின்றேன். ஒன்பது தடவையும் நாளைக்கு வா.

ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். காரியம் நடக்க வேண்டுமென்றால் ஜன்னல் கட்டையில் ஏதாவது வைக்க வேண்டும். சேவல், முட்டை, பூசணிக்காய். யாரும் கேட்பதில்லை, யாரும் கொடுப்பதில்லை. பொருள் மட்டும் கட்டையில் இருக்கும், பிறகு இருக்காது. என் வீட்டில் சேவல் இல்லை. இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

ஒன்பதாவது நாள் நான் அழுதுகொண்டே வந்ததைப் பார்த்த அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஏண்டி, ஒனக்கு இன்னும் காட்டேரிக்குப் படைக்கலையே?"

வயிற்றுப்பிள்ளைக்காரிகளுக்கு எங்கள் பக்கத்தில் அது வழக்கம். வயிற்றில் இருக்கும் பிள்ளையின் ரத்தத்தைக் காட்டேரி குடித்துவிடாமல் இருக்க, உச்சிப் பொழுதில் அதற்குப் பிடித்ததைப் படைத்து, "இத எடுத்துக்க, என்னோடத விட்டுரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அதில் ஆண்கள் கை வைக்கவே கூடாது. வைத்தால் காட்டேரி அந்த வயிற்றுக்குக் குடிமாறிவிடும்.

"எங்கக்கா படைக்கிறது? ஆத்தோரமா?"

"அது எங்க இருக்குதோ அங்கதான் படைக்கணும். ஒன்பது நாளா நீ யாருக்கு ரத்தம் குடுத்த? அங்கதான்."

கிண்டலாகச் சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கிருந்த ஆத்திரத்தில் நான் சரி என்றேன்.

உச்சி நேரத்தில் பெரிய கிளாக்கர் கையெழுத்து வாங்கத் துரை பங்களாவுக்குப் போய்விடுவார். மற்றவர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். மறுநாள் அந்த நேரம் பார்த்துப் போனோம். நல்ல பனிமூட்டம், கையெட்டும் தூரத்துத் தேயிலைச் செடி தெரியவில்லை. பொரித்த கருவாடு, முருங்கைக்கீரை, அவித்த முட்டை, கால் போத்தல் சாராயம். கீழே புல் நனைந்து கிடந்தது, இலையை விரிக்க முடியவில்லை. அதனால் ஜன்னல் கட்டையில் வைத்தோம். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். திரும்பிப் பார்க்காமல் வந்தோம்.

காக்கை எடுத்ததா என்று பார்க்க ஒரு மணி நேரம் கழித்துப் போனோம். கட்டையில் இலை இல்லை. இலை உள்ளே மேசைமேல் இருந்தது. அதில் கருவாட்டு முள் மட்டும் கிடந்தது. பங்களாவிலிருந்து பசியோடு வந்த பெரிய கிளாக்கர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"நீதான் வச்சியா? கீரையில உப்புக் கம்மி. சரி, நாளைக்கு வா, பார்ப்போம்."

தின்ற பிறகும் நாளைக்கு வா! எனக்குக் காது அடைத்தது.

அக்கா மட்டும் பதறாமல், தலையில் கட்டியிருந்த துணியை இழுத்து விட்டுக்கொண்டு, மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"ஐயா, அது ஒங்களுக்கு வச்சதில்லைங்க. காட்டேரிக்கு வச்சதுங்க."

"என்ன?"

"இந்தப் புள்ளைக்கு அஞ்சு மாசமுங்க. புள்ளையோட ரத்தத்தக் குடிக்காம இருக்கணும்னு படைச்சோம். இப்ப அது ஒங்க வயித்துல இருக்குதுங்க. பாத்துப் படுங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "போங்கடி!" என்று கத்தினார், கத்தலில் சத்தம் வரவில்லை, ஏப்பம் வந்தது. காட்டேரிதான் ஏப்பம் விட்டதென்று அக்கா அன்று பொழுது சாயுமுன் நாலு லயத்துக்கும் சொல்லிவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் லயத்து வாசலில் குடையோடு ஓர் உருவம். அந்தத் தோட்டத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தும் லயத்துப் பக்கம் கால் வைக்காத மனிதர், பளபளக்கும் சப்பாத்தும் முழங்கால் வரை காலுறையாக இழுத்த வெள்ளை மேஸுமாக, தண்ணீர் ஓடும் கானோரப் புல்லில் நின்றார். இரண்டு நாள் காய்ச்சல்காரன் போலிருந்தார். யாருக்காகப் படைத்ததோ அந்தப் பெண் கையால் மஞ்சள் தண்ணீர் வாங்கிக் குடித்தால்தான் காட்டேரி இறங்கும் என்று அவர் வீட்டு அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நான் ஏற்கனவே குளித்திருந்தேன். "குளிச்சிட்டு வாறேன், நில்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். லயத்து விறாந்தையில் அவரை ஏறச் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் என்னை நிறுத்தினாரோ அவ்வளவு நேரம்.

வெளியே வந்தபோது அக்கா செம்போடு நின்றார்.

"துண்டு கொண்டாந்தீங்களாய்யா?"

"நாளைக்கு ஆபீசுக்கு வரச் சொல்லு, எழுதித் தாறேன்."

"அப்ப மஞ்சத்தண்ணியும் நாளைக்குத்தாங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்துக் காலைக் குனிந்து பார்த்தார். இடது கால் வெள்ளை மேஸில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் பரவியிருந்தது. அவர் போட்ட கூச்சலில் லயத்துக் கோழியெல்லாம் கூரை ஏறின. அட்டைதான். எங்கள் பிள்ளைகள் பிய்த்து எறிந்துவிட்டு விளையாடப் போகும் அட்டை. அவருக்கோ காட்டேரி உள்ளேயிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

துணி துவைக்கும் கல்லின்மேல் காகிதத்தை வைத்து எழுதினார். "கீழ் லயத்துல இன்னும் ரெண்டு பேர் வயித்தோட இருக்காங்க, அவங்களுக்கும் எழுதுங்க, காட்டேரிக்குக் கணக்கு முடியட்டும்" என்று அக்கா சொல்ல, அதையும் எழுதினார். மூன்று துண்டு. பிறகுதான் அக்காவிடமிருந்து செம்பை வாங்கி நீட்டினேன்.

திங்கட்கிழமை காலை ஆள் பிரிக்கும் பெரட்டில் கங்காணி துண்டைப் பார்த்துவிட்டு என்னைக் கீழே அனுப்பினார். அவர்தான் சொன்னார்: வயிற்றோடு இருப்பவர்களை உச்சி மலைக்கு விட வேண்டாமென்று துரை ஆறு மாதத்துக்கு முன்பே உத்தரவு போட்டிருந்தாராம். கிளாக்கர் மேசையில் அது கிடந்திருக்கிறது. கட்டையில் சேவல் வராததால் கிடந்திருக்கிறது. என் பிள்ளைக்கு உரிய நாலு வரியை அவர் எனக்காக எழுதவில்லை. வயிற்றிலிருந்த கருவாட்டுக்குப் பயந்து எழுதினார். இதை நினைத்தால் சிரிப்பு வரும், சிரித்து முடிப்பதற்குள் பல்லைக் கடிப்பேன்.

மகள் பிறந்தாள், நல்ல கனம். கட்டையில் வைத்த எதையும் அவர் அதற்குப் பிறகு தொடவில்லை; ஆனால் ஜன்னலும் புல்லும் அப்படியேதான் இருந்தன. பெயர் கெட்டது மட்டும் எனக்கு. ஆபீஸ்காரர்கள் என்னைக் காட்டேரி என்று சொல்லத் தொடங்கினார்கள். ஒன்பது நாள் ரத்தம் கொடுத்தவள் நான்!

"சொல்லிட்டுப் போறானுங்க," என்றார் அக்கா. "அந்தப் பேரோட ஜன்னலுக்குப் போ, ஒரு நாளைக்கு மேல நிக்க வைக்க மாட்டானுங்க."

அதுவும் உண்மைதான். நிற்க வைக்கவில்லை.