கூடை சுமக்காத கழுத்து

அம்மாவின் பிடரியில் ஒரு கட்டி இருந்தது. முதலில் எலுமிச்சம்பழ அளவுதான். நான் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் படித்து முடிப்பதற்குள் தோள்வரை பரவிவிட்டது. தொட்டால் மெத்தென்றிருக்கும், வலிக்காது. கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நாளெல்லாம் மலையேறினால் கட்டி வராமல் என்ன வரும் என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள். அம்மாவும் அதையே நம்பினாள். மாலையில் கூடையை இறக்கியதும், "நாசமாப் போற கயிறே, என் கழுத்த அறுக்கவா வந்த?" என்று திட்டிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள்.

பஞ்ச காலத்தில் லயமே எலும்பும் தோலுமானது. அம்மாவின் கைகால்களும் குச்சியாயின. பிடரி மட்டும் இளைக்கவில்லை. நாலு எட்டு ஏறினால் மூச்சு வாங்கும். கை தானாக வெட்டி இழுக்கும், கொழுந்து சிந்தும். கங்காணி கத்துவார்: "ஊரே பட்டினி கெடக்கு, ஒனக்கு மட்டும் கொழுப்பு ஏறிப்போச்சோ?" அந்தச் சொல்லுக்குத் திமிர் என்றும் பொருள் இருப்பது அவருக்கு எவ்வளவு வசதி!

அம்மாவுக்கு ஒரே பிடிவாதம், நான் கூடை தூக்கக் கூடாது. என் வயதுப் பெண்களெல்லாம் காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து வேலைக்கு நின்றார்கள். "எம்புள்ள தலையில கயிறு ஏறாதுங்க" என்று கங்காணியிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு என்னைப் பதுளை டவுனுக்குப் படிக்க அனுப்பினாள். லீவில் வந்தால் விறகுக் கட்டைக்கூடத் தொட விடமாட்டாள்.

நான் ஆசிரியை ஆன வருடம், மலைத் தண்ணீர் கொட்டும் பீலியடியில் எனக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் கை என் பிடரியில் வந்து நின்றது. திரும்பவும் தடவிப் பார்த்தாள்.

"நா ஒன்னய ஒருநாளும் கூடயத் தூக்க விடலையே, புள்ள."

"சும்மா சூட்டுக் கட்டிம்மா" என்றேன். அவள் என் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அம்மா போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு, எனக்கும் கை வெட்டி இழுக்கத் தொடங்கியபோது ஒரு டாக்டர் விளக்கினார். பிறந்த குழந்தையின் பிடரியிலும் தோள்களுக்கு நடுவிலும் பழுப்பு நிறக் கொழுப்பு இருக்குமாம். உடம்புக்குச் சூடு கொடுப்பதற்கென்றே எரியும் கொழுப்பு. அதை எரிப்பது உயிரணுவுக்குள் இருக்கும் இழைமணி, அதாவது மைட்டோகாண்ட்ரியா. நான் கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்த அதே இழைமணி. அது பழுதானால் கொழுப்பு எரியாமல் அங்கேயே மேடு தட்டிவிடலாம், தசைக்கும் வலு கிடைக்காது என்றார். கடைசியில், "இது தாய்கிட்டயிருந்துதான் பிள்ளைகளுக்கு வரும்" என்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அம்மாவுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. பீலியடிக்குப் பிறகும் சில வருடங்கள் அவள் கூடை தூக்கினாள். மாலையில் இறக்கி வைப்பாள், அடுப்பு மூட்டுவாள். கயிற்றை மட்டும் அதன்பின் ஒருநாளும் திட்டவில்லை.