பிரதியோடு திரும்பி வந்த அனுமதி

பார்சல் கம்பெனியில் அவளுக்குப் பெயர் ‘பூட்டு’. வாடிக்கையாளர், பார்சல் விவரமெல்லாம் இருக்கும் டேட்டாபேஸில் யார் பார்க்கலாம், யார் மாற்றலாம், யார் அழிக்கலாம் என்று அனுமதி கொடுப்பவள் அவள்தான். எவ்வளவு கெஞ்சினாலும் தேவைக்கு மேல் துளியும் கிடைக்காது.

அந்தப் பூட்டை உடைத்தது வெளியாள் இல்லை, அக்கா புருஷன். வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவரை முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டவளே அவள்தான். வாய்ஜாலத்தாலேயே மேனேஜர் நாற்காலிக்கு ஏறியவர், முதல் கூட்டத்திலேயே எல்லார் முன்னாலும் அவளுடைய அனுமதிகளைப் பிடுங்கித் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார்.

“நீ இனிமே சும்மா பார்த்தா போதும்மா. எதையும் தொட வேண்டாம்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்கு முகம் எரிந்தது.

மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது: தினமும் தானாக எடுக்கப்படும் பேக்கப் பிரதி அன்று எடுக்கப்படவில்லை. அவளுடைய கணக்கில் ஓடிக்கொண்டிருந்த வேலை அது. அனுமதி போனதும் அதுவும் படுத்துவிட்டது. போய்ச் சொன்னாள்.

“அத்தான், பேக்கப் எடுக்கல...”

“எனக்கே பாடம் எடுக்கறியா? போ, உன் வேலையப் பாரு.”

பார்த்தாள். அதன்பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் வழுக்கி விழட்டும் என்று காத்திருந்தாள்.

விழுந்தார். பழைய வாடிக்கையாளர்களை நீக்குகிறேன் என்று உட்கார்ந்தவர் எல்லாரையும் நீக்கிவிட்டார். கிடங்கில் கூரை வரை பெட்டிகள். ஒவ்வொன்றாகப் புரட்டி முகவரி பார்க்காமல் எது யாருக்குப் போக வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. முதலாளி அலறியடித்துக்கொண்டு வந்தார்.

“பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணி எல்லாத்தையும் திரும்பக் கொண்டுவந்துடலாம்,” என்றாள் அவள். “ஆனா அந்த அனுமதி எனக்கில்ல. சாருக்குத்தான் இருக்கு.”

அவள் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, அத்தான் வியர்க்க வியர்க்கத் தட்டினார்.

“எந்த நாள் பிரதிம்மா?” என்றார் முதலாளி.

“கூட்டத்துக்கு முந்தின நாள் எடுத்தது. அப்புறம் எடுக்கவே இல்ல. ஏன்னு சாரைக் கேளுங்க.”

ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. ரீஸ்டோர் செய்யும் அனுமதி டேட்டாபேஸுக்கு வெளியே, சர்வரில் இருக்கிறது. உள்ளே யார் எதைத் தொடலாம் என்பதோ டேட்டாபேஸுக்குள்ளேயே இருக்கிறது; பிரதி திரும்பினால் அதுவும் கூடவே திரும்பும்.

பெயர்கள், முகவரிகள் எல்லாம் வந்தன. விட்டுப்போன ஒரு பார்சலைச் சேர்க்கப் போனார் அத்தான். ‘அனுமதி இல்லை’ என்றது திரை.

“என்னம்மா இது?”

“அன்னிக்கு இருந்த மாதிரியே வந்திருக்கு. அன்னிக்கு உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையே.”

“சரி... கொஞ்சம் மாத்தி விடும்மா.” குரல் கெஞ்சியது.

அவள் முதலாளியைப் பார்த்தாள்.

“இப்படியே இருக்கட்டும்,” என்றார் அவர்.

நடுவில் தொலைந்த நாட்களின் பார்சல்களைப் பதிவு செய்ய மட்டும் அத்தானுக்கு அனுமதி கொடுத்தாள். அதற்குக் கிடங்கில் ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து முகவரி படிக்க வேண்டும்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். “ஏண்டி, உனக்கு ஈவு இரக்கமே கிடையாதா? மனுஷன் இடுப்பப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துக் கெடக்கறார்!”

“தைலம் தேச்சு விடுக்கா,” என்றாள் தங்கை. “நாளைக்கும் பெட்டி இருக்கு.”