கிரியான் ஆற்றுக் குடம்

இரண்டு லாரி, ஈப்போவில் ஒரு மரக்கிடங்கு, கல் வீடு, செமோர் கோயிலுக்கு ஒரு முன்மண்டபம். இத்தனையும் மண்வெட்டி பிடித்த இந்தக் கையால் ஆனவை. பள்ளிக்கூடத்தை நான் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். அதனாலென்ன? ஆனால் நான் செய்ததிலேயே பெரிய காரியம் இவை எதுவும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது. எங்கள் சாமியார், ஊரெங்கும் காய்ச்சல் பரவிய காலத்தில், பாரிட் புந்தாரில் கிரியான் ஆற்று நீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடந்து, கூலிகள் குடியிருந்த லயங்களில் காய்ச்சலில் கிடந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே வந்தவர். கோப்பெங் சாலையோரக் குகையில்தான் அடங்கினார். ஆண்டுதோறும் குருபூசைக்கு அவர் நடந்த வழியே அதே ஆற்று நீரைச் சுமந்து நடப்போம். குடம் தரையில் படக் கூடாது. தலை மாற்றித் தலை மாற்றித்தான் வர வேண்டும். கடைசி நாள் விளக்கு வைக்கும் முன் குகைக்கு வந்து சேராவிட்டால் அந்த ஆண்டு சாமிக்கு அபிஷேகம் இல்லை. அட்டை கடித்துக் காலெல்லாம் ரத்தம் வழியும். ஒருவர் முகம் சுளிக்க வேண்டுமே! அப்படிப்பட்ட சனங்கள்.

அந்த ஆண்டு கடைசி நாள், செமோர் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் சேர்க்கும் கொட்டகையில் படுத்திருந்து விடியலில் கிளம்பினோம். பழைய பாதையை ஈயச் சுரங்கம் விழுங்கியிருந்ததால் ரப்பர் மரங்களுக்குள் நுழைந்தோம். ஒரே பனிமூட்டம். முன்னே போனவர்கள் பால்மரம் வெட்டுகிறவர்கள், ரப்பர் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள். நடந்தோம், நடந்தோம், நடந்துகொண்டே இருந்தோம். மரங்கள் விலகியதும் எதிரே நின்றது நாங்கள் படுத்திருந்த அதே கொட்டகை!

“சாமிக்கு இங்கேருந்து போக மனசில்ல போல இருக்கு,” என்று முன்னே நடந்தவர் கும்பிட்டார்.

குடம் சுமந்து நின்ற அக்கா சிரித்துவிட்டார். “சாமிய ஏன் இழுக்கிறீங்க அண்ணே? கையில பால் வாளி இல்லாத கொறதான். காலு தானா நெரையச் சுத்திட்டு கொட்டாய்க்கு வந்துருச்சு.”

உண்மைதான். பால்மரம் வெட்டுகிறவர்கள் தினமும் மர வரிசைகளைச் சுற்றி நடந்து தேய்த்த தடம், பாலோடு கொட்டகைக்குத்தானே திரும்பும்?

வெயில் ஏறத் தொடங்கியது. நான் கான் வெட்டும் ஆள், வடிகால் தோண்டுகிறவன். தோட்டத்து மழைநீர் எங்கே வடியும் என்று எனக்குத் தெரியும். கானில் குதித்தேன். முழங்கால் வரை சேறு.

“இது ஆத்துக்குப் போவும். ஆத்த ஒட்டி ரயில் ரோடு. வாங்க!”

“வழுக்குனா கொடம் போச்சுலா, மச்சான்!” என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

“போவாது. என் தோளப் புடிச்சுக்குங்க அக்கா.”

ஒரு கை என் தோளில், ஒரு கை குடத்தில். வேறொருவர் தலை மாற்ற வந்தபோது, “சேத்துல மாத்துனா கவுந்துரும், தள்ளு,” என்று விரட்டிவிட்டார். அந்தக் கழுத்தின் உறுதியை நான் எந்த ஆணிடமும் கண்டதில்லை. தண்டவாளம் தெரிந்த பிறகுதான் தலை மாறியது. அதன்பின் ஓட்டமும் நடையும்தான். ஈப்போவைத் தாண்டிக் குகை வாசலை அடைந்தபோது பூசாரி அகலில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். திரியைக் கீழே வைத்துவிட்டுக் குடத்தை வாங்கினார். சாமி மேல் கிரியான் நீர் விழுந்தது. அக்கா அப்போதுதான் உட்கார்ந்தார்.

இப்போது குகையில் கல்வெட்டு வைக்கிறார்களாம். அன்று சாமியே வழிகாட்டினார் என்று எழுதப்போகிறார்களாம். சாமி பெரியவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அக்கா பெயரை முதலில் வெட்டுங்கள். அடுத்த வரி என்னுடையது. கானில் இறங்கியவன் நான். அந்த வரியை வெட்டாமல் கல்லை நடக் கூடாது.