சித்தபூஹா வீட்டைக் கட்டிப்போட்ட கதை

எங்கள் ஏரிக்கரையில் வீடு வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரியுமா? தெரியும் என்று சொல்வதுதான் என் தொழில். கெய்ரோவிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு, மொட்டைமாடி மூலையில் ஏறிக் கழுத்தை நீட்டினால் கண்ணில் படுகிற ஒரு கீற்றையும் ஏரி என்றே சொல்லி விற்றிருக்கிறேன். புருல்லஸ் ஏரியின் இந்தப் பக்கத்தில் தரகன் அத்திய்யாவைத் தெரியாதவர் கிடையாது. நம்புகிறவரும் அதிகம் கிடையாது.

அப்படிப்பட்ட என்னிடம் வந்து, "தம்பி, தண்ணி தெரியாத வீடு ஏதாச்சும் இருந்தாக் காட்டு" என்று கேட்ட ஒரே ஆள் சித்தபூஹாதான்.

காபிக்கடை வாசலில் நான் போட்டிருக்கும் நாற்காலிதான் என் அலுவலகம். அதன் முன்னால் கறுப்பு முக்காடும் வெடித்த பாதமுமாக வந்து நின்றாள். ஐம்பதைத் தாண்டியிருப்பாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. பார்த்ததுமே தெரிந்தது, படகுக்காரி. எங்கள் ஏரியில் அப்படிச் சில குடும்பங்கள் உண்டு. கரையில் ஒரு சாண் இடம் இல்லாமல், படகிலேயே பிறந்து படகிலேயே சமைத்து, நாணல் தட்டிக்கு அடியில் தூங்குகிறவர்கள். சித்தபூஹா அப்படிப் பிறந்தவள். அவள் கல்யாணத்தன்று இரண்டு படகையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டினார்களாம். அப்பன் படகிலிருந்து ஒரு காலை எடுத்து மாப்பிள்ளை படகில் வைத்தாள். அவ்வளவுதான் அவள் போன கல்யாண ஊர்வலம். அந்த மாப்பிள்ளை, கரீப் என்று பெயர், செத்துப்போய்ச் சில வருஷம் ஆகிறது. இப்போது மகன் குபாஷியும் மருமகளும் அதே படகில் வலை போடுகிறார்கள்.

"கரையில வந்து என்ன பண்ணப் போற, உம்மு குபாஷி?" என்று கேட்டேன். குபாஷியின் அம்மா என்றுதான் ஊரில் அவளைக் கூப்பிடுவது.

அவள் குழந்தையை இறக்கித் தரையில் விட்டாள். நவ்வாரா என்று பெயர், அப்போதுதான் நடை பழகியிருந்த பேத்தி. குழந்தை தத்தித் தத்தி நாலு எட்டு வைத்தது. பிறகு யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் டக்கென்று நின்று திரும்பிப் பார்த்தது. அதற்கு முன்னால் தெரு காலியாகத்தான் கிடந்தது. ஒரு பூனைகூட இல்லை.

"ஏன் நின்னுடுச்சு?"

"கயிறு அவ்வளவுதான் நீளம்."

"எந்தக் கயிறு? இடுப்புல ஒண்ணும் இல்லையே."

"இப்ப அவுத்துட்டேன், தம்பி. படகுல பாய்மரத்தோட சேர்த்துக் கட்டியிருப்போம். தவழ ஆரம்பிச்சதும் கட்டணும், இல்லேன்னா தண்ணிக்குள்ள போயிடும். எனக்குக் கட்டியிருந்தாங்க, என் மகனுக்கு நான் கட்டினேன். இவளுக்குக் கயிறு முடியற இடத்துல உலகமும் முடிஞ்சுபோகுது. எத்தனை தடவை கரையில விட்டுப் பார்த்துட்டேன்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்தக் குழந்தை நின்ற இடத்தைப் பார்த்தேன், சிரிப்பு தானாக அடங்கிவிட்டது.

அவளுக்கு வீடு காட்டுவது ஒரு வேடிக்கை. மற்றவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், நான் மறைத்த ஈரத்தைத் துருவித் துருவிக் கண்டுபிடிப்பார்கள். இவள் உள்ளே போனதும் வெறுந்தரையில் நீட்டிப் படுத்துவிடுவாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கிடப்பாள். "ஆடலை" என்பாள், எனக்கு ஏதோ புதுச் செய்தி சொல்வதுபோல. எழுந்து போய்க் கதவைச் சாத்துவாள், திறப்பாள், மறுபடியும் சாத்துவாள். ஒருமுறை சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இது நேத்தும் இதே இடத்துலதான் இருந்துச்சா?"

"நேத்தும் இங்கதான், போன வருஷமும் இங்கதான்."

"காலையில எந்திரிச்சா அதே மரம் தெரியுமா?"

"அதே மரம்தான். சலிச்சுப்போயிடும் உனக்கு."

அவள் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு அந்தச் சுவரையே பார்த்தாள். மசூதிக்குள் முதன்முதலாக நுழைகிற பிள்ளையின் முகம் அப்படித்தான் இருக்கும். எத்தனை வீடு விற்றிருக்கிறேன், சுவர் என்பது அசையாமல் நிற்கிறது என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. சொன்னால் வெட்கம், அன்று ராத்திரி என் வீட்டுச் சுவரை நானும் தொட்டுப் பார்த்தேன்.

கடைசியில் அவளுக்குப் பிடித்தது ஏரியிலிருந்து இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு சின்ன வீடு. தண்ணீர் எந்த ஜன்னலிலும் தெரியாது. ஒரு காலத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் எதிரெதிராகக் கட்டிய இரண்டு வீட்டில் ஒன்று, ஆகவே இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே முற்றம். இந்த வீட்டு வாசல் அந்த வீட்டு வாசலைப் பார்த்தபடி இருக்கும். தன் தங்கக் காப்புகளை எல்லாம் கழற்றிக் கொடுத்து வாங்கினாள். பாயும் அடுப்பும் கொண்டுவந்து போட்டு, மருமகளையும் பேத்தியையும் கரையேற்றியும் விட்டாள். குபாஷி மட்டும் இரவில் படகில்தான் படுத்தான், வீட்டில் படுத்தால் தலை சுற்றுகிறதாம்.

சிக்கல் எதிர்வாசலில் இருந்தது. அங்கே இருப்பவர் ஹாஜி துசூகி. ஏரியில் பத்துப் படகுக்கு முதலாளியாக இருந்த மனிதர். இப்போது முழங்கால் போய்விட்டது, எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும், ஆனால் வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. பொது முற்றம் உள்ள அண்டைவீட்டுக்காரருக்கு எங்கள் பக்கத்தில் முதல் உரிமை உண்டு. விற்ற விலையைத் தானே தந்துவிட்டு, இந்த வீட்டை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று ஊர் அறியச் சொன்னால் போதும், வாங்கினவர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். வருகிற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் சொல்லப் போவதாக ஹாஜி காபிக்கடையில் அறிவித்துவிட்டார்.

சித்தபூஹாவுக்கு விஷயம் தெரியும். "இந்த விலைக்கு வேற வீடு கிடைக்குமா, தம்பி?" என்று மட்டும் கேட்டாள். கிடைக்காது. எனக்குப் பொய் சொல்ல நன்றாக வரும், அன்று வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஹாஜியிடம் கெஞ்சப் போனேன். வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஹாஜி, பாவம் அந்தப் பொம்பளை. உங்களுக்கு எதுக்கு இன்னொரு வீடு?"

"உன் தரகு போயிடும்னு அழறியா?"

"அதுவும்தான்."

"படகுக்காரங்க எப்படின்னு எனக்குத் தெரியும்டா. இன்னிக்கு இங்க கட்டுவாங்க, நாளைக்கு அவுத்துக்கிட்டு அங்க போய்க் கட்டுவாங்க. அதுக்கப்புறம் வீட்டை எவன்கிட்டயாவது தள்ளிட்டுப் போயிடுவா. நான் சாகற வரைக்கும் தினம் யாரோ ஒருத்தன் முகத்துலயா முழிக்கணும்? எழுந்து போடா."

எழுந்து போக முடியவில்லை. அதற்குள் காற்று பிடித்துக்கொண்டது. எங்கள் மீனவர்கள் மழைக்காலப் புயல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வருஷத்தில் முதலில் வருகிற இதற்குத் துடைப்பம் என்று பெயர், பெயருக்கு ஏற்றபடிதான் வரும். வானம் ஒரே மூச்சில் கறுத்தது. கோழிக்கூண்டின் தகரம் பிய்த்துக்கொண்டு தெருவோடு பறந்தது. கடல் ஒரு பக்கம், ஏரி ஒரு பக்கம், நடுவில் நாங்கள் இருக்கும் இந்த மெலிந்த மண் துண்டு நிஜமாகவே அசைகிறதோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் ஹாஜியின் நிலைக்கதவோடு ஒட்டிக்கொண்டேன்.

அப்போது எதிர்க்கதவு திறந்தது. சித்தபூஹா கையில் படகுக் கயிறு, ஒரு முனையைத் தன் ஜன்னல் கம்பியில் கட்டியாகிவிட்டது. மழை முகத்தில் அறைய, முற்றத்தில் கால் அகற்றி நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"ஹாஜி, கயிறு!"

ஏரியில் காற்று திரும்பினால் எல்லோரும் செய்வது இது. பக்கத்தில் யார் படகு இருக்கிறதோ அந்தப் படகுக்குக் கயிறு வீச வேண்டும். அவன் ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் பிடித்துக் கட்டியாக வேண்டும். இரண்டு படகு சேர்ந்து நின்றால் கவிழாது. வீசின கயிற்றைப் பிடிக்காமல் விட்டவனோடு யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள்.

கயிறு மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது. இரண்டு ஆள் தூக்க வேண்டிய ஹாஜி கட்டிலை விட்டு எழுந்து நின்றார். கயிறு அவர் கையில் இருந்தது. நான் கண்ணைத் துடைப்பதற்குள் தன் ஜன்னல் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி, இழுத்து, முடிச்சும் போட்டுவிட்டார். முற்றத்துக்குக் குறுக்கே கயிறு விறைத்து நின்றது. அப்புறம்தான் மனிதர் குனிந்து தன் கையைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ஏம்மா, இது வீடும்மா. எங்க போயிடப் போகுது?"

"போகாதுன்னு நீ எழுதித் தருவியா, தம்பி?" என்று அங்கிருந்தே கேட்டாள். "உன் வாய்ச்சொல்லை நம்பி நான் தூங்கணுமா?"

கேட்டுக்கொண்டே கயிற்றை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். விளையாட்டுக்காக இல்லை. அந்த வீடு நிஜமாகவே தன்னை விட்டுப் போய்விடும் என்று பயந்தாள். அவள் பயந்ததில் தப்பு என்ன இருக்கிறது, மறுநாள் வெள்ளிக்கிழமைதானே.

வெள்ளிக்கிழமை வானம் கழுவி விட்டாற்போல் இருந்தது. காபிக்கடை முழுக்க இதே பேச்சு. "வீட்டுக்கு நங்கூரம் போட்டாளாமே" என்று ஒருவன், "ஹாஜிதான் துடுப்புப் போட்டாராம்" என்று இன்னொருவன். தொழுகை முடிந்து எல்லோரும் மசூதி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டும் போகாமல் நின்றார்கள். ஹாஜி தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். யாரையும் பார்க்காமல் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஹாஜி, ஏதோ சொல்றதா இருந்தீங்களே?"

"எதைச் சொல்ல? கயிறு பிடிச்சாச்சு."

"அது ஏரியில உள்ள முறை. இது கரை."

"கை என்னோடதுதானேடா. அது கரையா தண்ணியான்னு கேட்டுக்கிட்டா பிடிச்சுது?" கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினார். "பிடிச்ச கயிறை அறுத்தான் துசூகின்னு இந்த வயசுல எனக்குப் பேர் வேணாம். அந்தப் பொம்பளைகிட்ட போய்ச் சொல்லு. கட்டினது கட்டினதுதான்."

நான் அவர் வேகத்துக்கே அவரோடு நடந்தேன். முன்னால் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம், ஏனோ அந்த மனிதரை முந்திக்கொண்டு போக மனம் வரவில்லை. முற்றத்துக்குள் நுழைந்ததும் அவர் தன் வாசல் கட்டிலில் உட்கார்ந்தார். சித்தபூஹா தன் வாசலில் நின்றிருந்தாள், பாய் சுருட்டி வைத்திருந்தது. எந்தச் செய்திக்கும் தயாராக நின்றாள் போல. நான் சொன்னேன். அவள் நிலையைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவிழ்க்காத கயிறு மழையில் ஊறித் தொய்ந்து, முற்றத்தில் ஒரு குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது. நவ்வாரா பாட்டியைத் தாண்டி வெளியே வந்தாள். கையை உயர்த்திக் கயிற்றைப் பிடித்தாள், அது அவளுக்குப் பழகின பொருள். நாலு எட்டு வைத்தாள். வழக்கமான இடத்தில் நின்றாள், திரும்பிப் பார்த்தாள்.

அவள் கையில் இருந்த கயிறு இன்னும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். கையை நகர்த்தி ஒரு எட்டு வைத்தாள். இன்னொன்று வைத்தாள். ஏரியின் மேல் சூரியன் உதிப்பதை ஆயிரம் தடவை பார்த்து அதைக் காட்டி வீடு விற்றவன் நான், இதுபோல் ஒன்றை நான் பார்த்ததில்லை. ஈர மண்ணில் குட்டிக் குட்டியாகக் கால் தடம் பதித்து, முற்றம் முழுவதும் கடந்து, கயிறு முடிந்த இடத்தையும் தாண்டி, ஹாஜியின் முழங்காலில் போய் முட்டி நின்றாள். அவர் காலடியில் இருந்த தேநீர்க் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தார், குழந்தைக்கு இடம் வேண்டுமே.

சித்தபூஹா அழுதுகொண்டே சிரித்தாள்.

"அத்திய்யா தம்பி, பாரேன்" என்றாள். "கயிறு முடிஞ்சுபோச்சு, இன்னும் தரை இருக்கு."